வெள்ளிக்கிழமை ஒருபொழுது, சனிக்கிழமை 26 கிலோமீட்டர்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 36. மண்டபம் பக்கம் ஊர். தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருந்ததால் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமாகி, பத்து கிலோமீட்டர் போட்டி ஒன்றையும் முடித்துவிட்டேன். வரும் ஜனவரியில் சென்னையில் முழு மராத்தான் ஓட, சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துப் பதிவு செய்திருக்கிறேன். கைப்பேசியில் கிடைத்த அட்டவணைப்படி ஒன்பது வாரமாகப் பயிற்சி. செவ்வாய், புதன்கிழமைகளில் பாம்பன் பாலத்தில் பறப்பதுபோல் இருக்கிறது. சனிக்கிழமை நீண்ட ஓட்டத்தில் செத்துப் பிழைக்கிறேன். மூன்று வாரமாக வலது காலில் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். எட்டாவது வாரம் 26 கிலோமீட்டர் ஓடியபோது, திரும்பும் வழியில் 22ஆவது கிலோமீட்டரில் பாலத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மீன் ஏற்றி வந்த வண்டிக்காரர் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். போன சனிக்கிழமை ஐந்து கிலோமீட்டரிலேயே திரும்பிவிட்டேன். பெண்பிள்ளை உடம்பு இதற்கெல்லாம் தாங்காது என்கிறார் மாமியார். எனக்கு மனதில் உறுதி இல்லையா? விட்டுவிடலாமா? ஓட்டக் குறிப்பேட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் கால். மனதைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். காலுக்கு அவசரம் இருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். கால்வலி என்று வருகிறவர்களிடம் "எங்கே என்று காட்டுங்கள்" என்பதுதான் என் முதல் கேள்வி. சிலர் உள்ளங்கையை வைத்துக் கணைக்கால் எலும்பின் உள்பக்கம் முழுவதையும் மேலும் கீழுமாகத் தடவிக் காட்டுவார்கள். எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் இழுபட்டு நோகிற வலி அது. ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலுக்கு வலுவூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வேறு சிலர் எதுவும் பேசாமல் ஒற்றை விரலை ஓரிடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அந்த ஒற்றை விரலைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசையும். நீங்கள் குறிப்பேட்டில் ஏழாவது வாரத்தின் ஓரத்தில், "ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடம், தொட்டால் உயிர் போகிறது, படுத்த பிறகும் விண்விண் என்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எலும்புக்குள் நுண்விரிசல் விழத் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கையால் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு, பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை நீங்கள் ஒரு கிலோமீட்டர்கூட ஓடக்கூடாது.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தெரியாமல் போவது வழக்கம். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்ற ஒரு வரியை நம்பி மறுநாளே ஓடத் தொடங்கி, இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலி அதே புள்ளியில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அதில்தான் தொடக்க நிலையிலேயே தெரியும்.

வலி மாத்திரை அட்டையை இன்றே தூக்கிப் போடுங்கள். ஓட்டத்துக்கு முன் டைக்ளோபினாக் போடுவது இரண்டு விதத்தில் கெடுதல். "நிறுத்து" என்று எலும்பு சொல்வதை உங்களுக்குக் கேட்கவிடாமல் செய்துவிடும். அதோடு, வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். மூன்று மணி நேரம் வெயிலில் ஓடுகிறவருக்கு அது விளையாட்டான விஷயமே இல்லை.

எலும்பு ஏன் இப்படி ஆனது என்பதும் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் ஓலைக் கூரையைப் பிரித்து வேய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய ஓலையைப் பிரித்த பிறகுதான் புதியதைப் போட முடியும். நடுவில் ஒரு மழை பெய்தால் வீடு நனைந்துவிடும். எலும்பும் அப்படித்தான் தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது. புதிய சுமை வந்ததும் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கிறது. அதன் பிறகே புதியதை நிரப்புகிறது. சுமை கூடிய முதல் மூன்று நான்கு வாரங்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருப்பது இதனால்தான். இதயமும் நுரையீரலும் அதற்குள் தேறிவிடும். மூச்சு வாங்காததால் கால்களும் தயார் என்று நினைத்துக்கொள்கிறோம். உங்கள் சனிக்கிழமைகள் 12, 14, 14, 17, 19, 21, 23, 26 என்று ஏறியிருக்கின்றன. நடுவில் ஒரு வாரமாவது இறங்கியிருக்க வேண்டும். நான் எழுதிக் கொடுக்கும் அட்டவணையில் மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுவேன். உங்கள் அட்டவணையை எழுதியவர் அதைச் செய்யவில்லை.

உங்கள் கணவரின் படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. மீன் குஞ்சு பொரிக்கத்தான் அந்தச் சட்டம் என்றாலும், படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதும் வர்ணம் அடிப்பதும் அந்த நாட்களில்தான் நடக்கின்றன. உங்கள் எலும்புக்கு நீங்கள் எட்டு வாரத்தில் ஏழு நாள்கூட விடவில்லை.

இனி மனம்.

உங்களுக்கு உறுதி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குறிப்பேட்டை மேசையில் விரித்து, சனிக்கிழமைகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டேன். ஒன்பதில் ஏழுக்கு "மோசம்", "கால் இரும்பு", "எதற்கு இது" என்று குறித்திருக்கிறீர்கள். மூன்றாவது வாரமும் ஏழாவது வாரமும் மட்டும் "நன்று". அதிலும் ஏழாவது வாரம் 23 கிலோமீட்டர், கால்வலியோடு. அந்த இரண்டு வாரங்களில் அப்படி என்ன இருந்தது? இரண்டின் ஓரத்திலும் சிறிய எழுத்தில், "மூன்றாம் நாள், விரதம் இல்லை" என்று இருந்தது. மாதவிலக்கு வந்ததால் அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் நீங்கள் ஒருபொழுது இருக்கவில்லை. மற்ற எல்லா வெள்ளிகளிலும் மதியம் ஒரு வேளைச் சோறு, இரவு ஒரு டம்ளர் பால். மறுநாள் காலை நான்கே காலுக்கு ஒரு வரக்காப்பி. அதன் மேல் நீண்ட ஓட்டம்.

தங்கையே, நீங்கள் அழுதது பசியால்.

சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாகி, தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. நன்றாகச் சாப்பிட்ட ஒருவரின் உடம்பில் மொத்தம் 400 முதல் 500 கிராம் இருக்கும். கல்லீரலில் இருப்பது சுமார் 100 கிராம். ரத்தத்துக்கும் மூளைக்கும் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது அந்த 100 கிராம்தான். இரவு சாப்பிடாமல் தூங்கி எழுந்தால் அதில் பெரும்பகுதி காலியாகியிருக்கும். ஓடும்போது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. உங்கள் எடை 54 கிலோ. 26 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 1,400 கலோரி. கொழுப்பிலிருந்து ஒரு பங்கு வரும். மீதியை எங்கிருந்து எடுப்பது? நன்றாகச் சாப்பிட்டு ஓடுகிறவர்களே முழு மராத்தானில் 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது இந்தக் கையிருப்பு தீர்ந்து திணறுகிறார்கள். உங்களுக்கு அது 22இல் தீர்ந்திருக்கிறது. வெறும் வயிற்றில் அதுவரை வந்ததே பெரிது.

கையிருப்பு தீரும்போது கால் மட்டும் தளர்வதில்லை. ரத்தச் சர்க்கரை இறங்கினால் மூளை தடுமாறும். காரணமில்லாத அழுகை, எரிச்சல், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு எல்லாம் வரும். என் முதல் முழு மராத்தானில் 35ஆவது கிலோமீட்டர் பலகையைப் பார்த்தேன். இன்னும் எத்தனை இருக்கிறது என்று கணக்கிட நினைத்தேன். 42இலிருந்து 35 போனால் எத்தனை? வரவில்லை. விரல்களை மடக்கி எண்ணினேன், அப்போதும் வரவில்லை. அதற்காக நடுரோட்டில் அழுதேன். யாரோ ஒரு தொண்டர் கையில் வைத்த வாழைப்பழத்தையும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் உள்ளே தள்ளிய கால் மணி நேரத்தில் விடை வந்தது. என் மன உறுதி அந்தக் கால் மணி நேரத்தில் கூடிவிடவில்லை, வயிற்றுக்குள் ஒரு பழம் போயிருந்தது.

உங்கள் விரதத்தை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவசியமும் இல்லை. நீண்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுங்கள். ஞாயிறு காலை மீன் வாங்கப் போவது ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையை ஓய்வு நாளாக வைத்துக்கொண்டால் விரதமும் ஓய்வும் ஒரே நாளில் அமைந்துவிடும்.

மீண்டும் ஓடத் தொடங்கும் காலத்துக்கு இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமும் கருப்பட்டிக் காப்பியுமோ போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓரளவு பெரிய வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம், கருப்பட்டித் துண்டு, எதுவும் நல்லதுதான். கடலை மிட்டாயை ஓடும்போது சாப்பிடாதீர்கள். அதில் உள்ள எண்ணெய் வயிற்றில் மெதுவாகக் கரையும். ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் சர்க்கரைப் பசைப் பொட்டலங்களை (ஜெல்) பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. போட்டியன்று எதைச் சாப்பிடப் போகிறீர்களோ, அதையே பயிற்சியிலும் சாப்பிட்டு வயிற்றைப் பழக்குங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு வியர்க்கிறது என்று தெரியும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று கொள்ளலாம். எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அதுவும் ரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தாகலாம்.

மாதவிலக்கில் அதிகம் போகிறது என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்றே ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். 2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடுகிறவர்களுக்கு வியர்வையிலும் பாதம் தரையில் மோதுவதிலும் இரும்புச்சத்து இன்னும் கொஞ்சம் போகும். படியேறும்போது மூச்சு வாங்குவதும், நன்றாகத் தூங்கியும் சோர்வு போகாததும், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பதும் இரும்புச்சத்துக் குறைவாகவே இருக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர், காப்பி குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். பயிற்சிக் காலத்தில் மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் நின்றுவிட்டால், ஓட்டத்துக்கு ஏற்ற அளவு நீங்கள் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

எல்லா ஏற்ற இறக்கமும் சோற்றில் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் வில்லியம் மார்கன் கல்லூரி நீச்சல் வீரர்களைப் பத்தாண்டுக் காலம் கவனித்து, 1987இல் அதை வெளியிட்டார். பயிற்சியின் அளவு கூடக் கூட அவர்களுடைய மனநிலை இறங்கியது. அளவைக் குறைத்ததும் மீண்டும் ஏறியது. அவர்கள் திடமான இளைஞர்கள், யாரும் கோழைகள் இல்லை. காலில் வலி வருவதற்கு முன்பே, நாடித்துடிப்பு மாறுவதற்கு முன்பே, பல நேரங்களில் மனம்தான் முதலில் சரிகிறது. அதனால் நான் பயிற்சி கொடுக்கிறவர்களிடம் காலையில் எழுந்ததும் "இன்று மனம் எப்படி?" என்று ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைக் குறிக்கச் சொல்கிறேன். மூன்று நாள் தொடர்ந்து இரண்டுக்குக் கீழே இருந்தால் நான்காம் நாள் ஓட்டம் இல்லை. உங்கள் குறிப்பேட்டில் "எரிச்சல், பிள்ளைகளைத் திட்டிவிட்டேன்" என்ற வரி ஐந்தாவது வாரத்திலேயே வருகிறது. கால்வலி வந்தது ஏழில். உங்கள் மனம் உங்களுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லியிருக்கிறது. அதைப் பலவீனம் என்று நினைத்து அடக்கிவிட்டீர்கள்.

இன்னொன்றும் குறிப்பேட்டில் பார்த்தேன். படகு போன இரவுகளுக்கு நீங்கள் ஒரு சிறிய நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். அந்த இரவுகளில் தூக்கம் நான்கு மணி நேரம், சில நாள் மூன்று. மறுநாள் ஓட்டம் எல்லாமே "கனம்". தொண்டிப் பக்கத்து மீனவர் வீட்டில் பிறந்தவள் நான். கரையில் படுத்திருக்கும் பெண் எப்படித் தூங்குவாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேலே மார்கோராவும் அவருடைய சகாக்களும் 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மூளையைக் கசக்கும் ஒரு வேலையை 90 நிமிடம் செய்ய வைத்து, பிறகு மிதிவண்டிப் பயிற்சி இயந்திரத்தில் முடிந்தவரை மிதிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள், மூளைக்கு வேலை கொடுக்காமல் மிதிக்கச் சொன்னார்கள். மனம் களைத்திருந்த நாளில் அவர்கள் சுமார் 15 சதவீதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. அதே வேலை கூடுதல் கஷ்டமாகத் தெரிந்தது, அதுதான் வித்தியாசம். அவர்களுக்கு 90 நிமிடம். உங்களுக்கு நாள் முழுக்க வகுப்பறை, இரவு முழுக்கக் கடல். நட்சத்திரம் போட்ட இரவுக்கு மறுநாள் அரை மணி நேரம் மெதுவாக ஓடுங்கள், அல்லது அந்த நேரத்தையும் சேர்த்துத் தூங்குங்கள். அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

காற்றையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கடந்த மாதம் முழுக்கக் கச்சான், மேற்கிலிருந்து வீசும் காற்று. மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் போகும்போது அது முதுகைத் தள்ளும். திரும்பும்போது, களைத்த காலோடு, முகத்தில் அறையும். பாலத்தில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல் நடுவே, நடுவில் மேடாக ஏறி இறங்கும் கான்கிரீட் அது. கைக்கடிகாரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூடியதைப் பார்த்து "முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது காற்றின் கணக்கு. காற்றும் வெயிலும் இருக்கிற நாளில் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். இனி வடகிழக்கிலிருந்து வாடை வரும். அப்போது போகும்போது எதிர்க்காற்று, வரும்போது துணைக்காற்று. நீண்ட ஓட்டத்துக்கு அதுதான் நல்ல வரிசை. இருட்டில் ஓடும்போது வண்டிகள் எதிரே வரும் பக்கத்தில், ஒளி பிரதிபலிக்கும் மேற்சட்டை போட்டுக்கொண்டு ஓடுங்கள். சுற்றுலா வண்டிகள் பாலத்தில் எங்கே நிற்கும், எங்கே கிளம்பும் என்று சொல்ல முடியாது.

மாமியார் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்து நின்றதைப் பார்த்து, அந்த ஓட்டத்தையே 1960 வரை பெண்களுக்கு இல்லாமல் செய்தார்கள். பெண்கள் மராத்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984இல்தான். ஆனால் உங்கள் மாமியார் இளவயதில் பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பாறைக்கும் பவளத்துக்கும் நடுவே மணிக்கணக்கில் மூழ்கி எழுந்த உடம்பு அது. அவரிடம் வாதாட வேண்டாம். பாசிக்குப் போன நாட்களில் என்ன சாப்பிட்டுவிட்டு இறங்குவார், மாதத்தில் எத்தனை நாள் போவார், எத்தனை நாள் சும்மா இருப்பார் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மட்டும் இறங்கி, மற்ற நாட்களில் கரையில் இருந்த வழக்கத்தைச் சொல்வார். எந்தக் கைப்பேசி அட்டவணையைவிடவும் உங்களுக்கு அது உதவும்.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத பதில். இந்த ஜனவரியில் 42.195 கிலோமீட்டர் ஓடாதீர்கள்.

எலும்பில் விரிசல் இருந்தால், அந்த இடத்துக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் இல்லை. பிறகு நடையும் ஓட்டமுமாகக் கலந்து மெதுவாகத் திரும்ப வேண்டும். ஜனவரிக்கு நேரம் போதாது. விரிசல் இல்லை என்று தெரிந்து, வலியும் முழுதாக அடங்கினால் 21 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். முடியாவிட்டால் பதிவுப் பணம் போகட்டும். சீட்டுப் பணம் என்பது எனக்குத் தெரியும், அதன் அருமையும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், போகட்டும். அடுத்த தடைக்காலத்தில் உங்கள் கணவர் வீட்டில் இருப்பார். ஏப்ரலில் தொடங்கி, இறங்கும் வாரங்களும் உள்ள ஓர் அட்டவணையில், அதற்கு அடுத்த ஜனவரிக்குப் போவோம். நானே எழுதித் தருகிறேன்.

அதுவரை சும்மா இருப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஓட்டம் நின்ற முதல் இரண்டு வாரம் மனம் இன்னும் கீழே போகலாம், அதை எதிர்பார்த்தே இருங்கள். மருத்துவர் அனுமதித்தால், நடக்கும்போது வலி இல்லாவிட்டால், தண்ணீரில் ஓடலாம். உங்களுக்கு இரண்டு பக்கமும் கடல். வாடை வலுக்கும்வரை வடகடல் அமைதியாக இருக்கும், பிறகு தென்கடல். எந்த நாள் எது என்று உங்கள் கணவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். மார்பளவு நீரில், படகில் இருக்கும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, முழங்காலை உயர்த்தி 20 நிமிடம் ஓடுங்கள். நீரில் இறங்கும்போது பாதத்தைத் தரையோடு தேய்த்துப் போங்கள், திருக்கை இருந்தால் விலகிவிடும். சொறிமீன் (ஜெல்லி மீன்) மிதக்கிற நாளில் இறங்காதீர்கள். அரியமான் கடற்கரையில் மணலில் ஓடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ஈர மணல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உலர்ந்த மணல் குதிகால் தசைநாணை இழுக்கும்.

நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, ஓய்வெடுத்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் போகாமல் இருந்தால், பிள்ளைகளோடு சிரிப்பதுகூடப் பிடிக்காமல் போனால், அது ஓட்டத்தைத் தாண்டிய விஷயம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். காலுக்கு மருத்துவரைப் பார்ப்பது போலத்தான் அதுவும்.

குறிப்பேட்டை நிறுத்தாதீர்கள். ஓடாத நாட்களிலும் எழுதுங்கள். தூரம், நேரம் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கோடு போடுங்கள்: நேற்று என்ன சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனம் ஒன்று முதல் ஐந்துக்குள் எத்தனை. நட்சத்திரத்தையும் விடாமல் போடுங்கள். எம்.ஆர்.ஐ. முடிவும் ஃபெரிட்டின் எண்ணும் வந்த அன்றே எனக்கு எழுதுங்கள். மறுநாளே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா